ஞாபக மாத்திரை வேண்டாம், மேசையைத் திருப்புங்கள்

கேள்வி: எனக்கு வயது 27. வீட்டிலிருந்தே வேலை, மாலையில் தேர்வுக்கும் படிக்கிறேன். மேசை சுவரைப் பார்த்து இருக்கிறது, ஜன்னல் முதுகுக்குப் பின்னால். ஏசி போடுவதால் எல்லாம் மூடியே இருக்கும். மதியத்துக்கு மேல் தலை பாரமாகி, கண் எரிந்து, படித்த பக்கத்தையே திரும்பப் படிக்கிறேன். ஞாபக சக்திக்கு மாத்திரை எடுக்கலாமா? சுவருக்கு நீல நிறம் அடித்தால் கவனம் கூடுமா?

பதில்: மாத்திரை வேண்டாம். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் இது மறதி மாதிரித் தெரியவில்லை. கண் களைத்துப்போவதால் மனம் பக்கத்தில் நிற்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மூளையைச் சந்தேகப்படும் முன் அறையைப் பாருங்கள்.

நாளை பகலில் கணினியை அணைத்துவிட்டு, வழக்கமான இடத்தில் உட்கார்ந்து அந்தக் கறுப்புத் திரையைப் பாருங்கள். ஜன்னல் அதில் பளிச்சென்று தெரிகிறதா? நாள் முழுக்க அந்தப் பிரதிபலிப்போடு போராடித்தான் எழுத்தைப் படிக்கிறீர்கள். போதாக்குறைக்குத் திரையைப் பார்க்கும்போது நாம் கண் சிமிட்டுவதும் குறைந்துவிடும். சாதாரணமாக நிமிடத்துக்குப் பதினைந்து முறையாவது சிமிட்டுகிறோம், திரை முன்னால் அது பாதிக்கும் கீழே போய்விடும். கண் காய்கிறது, எரிகிறது.

அதனால் ஜன்னல் பக்கவாட்டில் வரும்படி மேசையைத் திருப்புங்கள். முன்னால் இருந்தாலும் கண் கூசும், பின்னால் இருந்தாலும் திரையில் விழும். திரை ஒரு கை நீளத் தூரத்தில், அதன் மேல் விளிம்பு கண் மட்டத்தில் அல்லது சற்றுக் கீழே இருக்கட்டும். இன்னொரு லாபமும் உண்டு: தலையைத் திருப்பினாலே தூரத்தில் ஏதாவது கண்ணில் படும். கிட்டே பார்க்க இறுகிக்கிடக்கும் கண் தசை அப்போதுதான் தளரும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இருபது வினாடி அப்படிப் பாருங்கள்.

ஜன்னல் காட்சியைப் பற்றி 1984-ல் ராஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர் வெளியிட்ட ஓர் ஆய்வு உண்டு. பித்தப்பை அறுவை முடிந்தவர்களில், மரம் தெரியும் அறையில் இருந்தவர்கள் செங்கல் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், வீரியமான வலி மருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது. 46 பேரை வைத்துச் செய்த சிறிய ஆய்வுதான், அதுவும் நோயாளிகளைப் பற்றியது. ஆனாலும் நாள் முழுக்கச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பவரிடம் அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அடுத்தது காற்று. வீட்டு ஏசி பெரும்பாலும் அறையில் இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கிறது, வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. வெளியே பத்து லட்சத்தில் 420 பங்கு அளவில் இருக்கும் கரியமில வாயு, மூடிய சிறு அறையில் ஒருவர் சில மணி நேரம் இருந்தாலே ஆயிரத்தைத் தாண்டிவிடலாம். தலை பாரமும் தூக்கக் கலக்கமும் இப்படிப்பட்ட அறைகளில் நான் அடிக்கடி கேட்கும் புகார்கள். ஐந்து நிமிடம் வெளியே போய்விட்டுத் திரும்பி வாருங்கள். உள்ளே நுழைந்ததும் ஒரு புழுங்கிய வாடை அடித்தால் அந்த அறைக்குக் காற்று போதவில்லை என்று அர்த்தம். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை ஜன்னலைப் பத்து நிமிடம் அகலத் திறந்து வையுங்கள். கொஞ்சம் குளிர்ச்சி போனால் போகட்டும்.

நீலச் சுவர்? அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. எந்த நிறமாக இருந்தாலும் பளபளக்காத பூச்சாக இருந்தால் சரி. அப்புறம், கட்டிலில் உட்கார்ந்து படிக்காதீர்கள். முதுகு கெடும், தூக்கமும் கெடும்.

இதையெல்லாம் இரண்டு வாரம் செய்து பாருங்கள். அப்படியும் தலைவலி தொடர்ந்தால் கண் பார்வை, ஹீமோகுளோபின், தைராய்டு மூன்றையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். காலையில் எழும்போதே தலை வலித்தாலோ, வாந்தி வந்தாலோ, பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ, அந்த இரண்டு வாரம்கூடக் காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் போங்கள்.