வரிசை வீட்டை இடித்துக் கட்ட ஆர்க்கிடெக்ட் இரண்டு வருஷம் என்கிறார், கான்ட்ராக்டர் பத்து மாதம் என்கிறார். யார் சொல்வது சரி?

கேள்வியில் நீங்கள் கொடுத்திருக்கும் விவரம் இவ்வளவுதான்: சிங்கப்பூரில் சிராங்கூன் கார்டன்ஸ் பக்கம் பழைய வரிசை வீடு, இடித்துவிட்டு இரண்டு தளமும் மேலே கூரைக்கு அடியில் ஒரு அட்டிக் அறையும் வேண்டும், ஆர்க்கிடெக்ட் நிறுவனம் நடுவில் என்னதான் செய்கிறது என்று தெரியவேண்டும்.

இருவருமே பொய் சொல்லவில்லை. கான்ட்ராக்டர் பழைய கூரையில் கைவைக்கும் நாளிலிருந்து எண்ணுகிறார். ஆர்க்கிடெக்ட் உங்களோடு முதல் தடவை உட்கார்ந்து பேசும் நாளிலிருந்து குடியேற அனுமதிக்கும் டிஓபி கைக்கு வரும்வரை எண்ணுகிறார். வரைபடத்துக்கு நான்கைந்து மாதம், அனுமதிக்கும் டெண்டருக்கும் இன்னொரு நான்கைந்து மாதம், கட்ட ஒரு வருஷம் என்று வைத்தாலே கணக்கு இரண்டு வருஷத்தைத் தொடுகிறது. பத்து மாதம் என்பது பைலிங், அதாவது அஸ்திவாரத்துக்காக மண்ணுக்குள் தூண் (பைல்) இறக்கும் வேலை, இல்லாமல் சொன்ன கணக்கா என்று எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

முதலில் யார் யார் என்பது. கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கண்ணில் வீட்டுக்காரரான நீங்கள்தான் ‘டெவலப்பர்’. தகுதிபெற்ற நிபுணர் ஒருவரை, பேச்சுவழக்கில் க்யூபி, நியமிப்பது உங்கள் கடமை. கட்டட வரைபடத்துக்கு ஆர்க்கிடெக்ட், தூண், பீம், அஸ்திவாரத்துக்கு சிவில் பொறியாளர். இருவரும் அந்த ஆண்டுக்கான தொழில் சான்றிதழ் வைத்திருக்கவேண்டும். ஆர்க்கிடெக்ட் பெயர் கட்டடக் கலைஞர் வாரியத்தின் பதிவேட்டில் இருக்கிறதா என்று இணையத்தில் பார்க்க ஐந்து நிமிஷம்கூட ஆகாது. அழகாக முப்பரிமாணப் படம் காட்டும் உள்ளலங்கார நிறுவனம் இந்தக் கையெழுத்தைப் போடமுடியாது. கடைசியில் வெளியிலிருந்து ஒரு க்யூபியை வாடகைக்குப் பிடிப்பதுபோல் பிடிப்பார்கள். அந்த ஏற்பாட்டில் வடிவமைத்தவர் ஒருவர், பொறுப்பேற்பவர் இன்னொருவர். தகராறு என்று வந்தால் இருவரும் மற்றவரைக் கைகாட்டுவார்கள்.

நல்ல நிறுவனம் முதல் மாதம் எதையும் வரையாது, காகிதம் சேகரிக்கும். பதிவுபெற்ற நில அளவையாளரைக் கொண்டு எல்லையும் தரைமட்டமும் அளப்பார்கள். நிலப் போக்குவரத்து ஆணையத்திடம் சாலை விரிவாக்கக் கோடு, பொதுப் பயனீட்டுக் கழகத்திடம் வடிகால், கழிவுநீர்க் குழாய்த் தகவல் ஆகியவற்றை வாங்குவார்கள். பழைய வரிசை வீடுகளில் பெரும்பாலும் சிக்குவது இந்தக் கழிவுநீர்க் குழாய்தான். அக்கம்பக்கத்து வீடுகள் எல்லாவற்றுக்குமான பொதுக் குழாய் உங்கள் பின்கட்டுக்குக் கீழேயே ஓடலாம். அதன் மேலும் அதை ஒட்டியும் நினைத்தபடி கட்டமுடியாது. பைல் எங்கே இறங்கலாம், சமையலறையை எவ்வளவு பின்னால் நீட்டலாம் என்பதை அதுவே தீர்மானித்துவிடும். வரைந்து முடித்தபிறகு குழாய் இருப்பது தெரிந்தால் பின்பாதி முழுக்கத் திரும்ப வரையவேண்டும்.

மண்ணும் அப்படித்தான். காலாங் படுகை, கேலாங் பக்கமெல்லாம் களிமண். கடலடிச் சேறு மாதிரி மென்மையாக ஆழமாகப் போகும். புக்கிட் தீமா பக்கம் கருங்கல். பக்கத்து வீட்டுக்காரர் இவ்வளவு ஆழம் இறக்கினார் என்பதை வைத்து உங்கள் பைல் நீளத்தைக் கணக்குப் போடக்கூடாது. மண் பரிசோதனைக்குத் துளையிடும் செலவை மிச்சம் பிடிக்கப் பார்ப்பவர்கள், பைல் எதிர்பார்த்ததைவிட ஆழமாக இறங்கும்போது மீட்டர் கணக்கில் கூடுதலாகக் கட்டுகிறார்கள். இருபுறமும் வீடு இருக்கும் குறுகிய மனையில் பெரிய இயந்திரம் நுழையாது, சிறிய இயந்திரத்தால் இறக்கும் மெல்லிய மைக்ரோபைல்தான் போடவேண்டிவரும். அது விலை கூடியது.

வாஸ்து பார்ப்பவர் யாராவது இருந்தால் அவரை இந்த மாதமே கூட்டி வந்துவிடுங்கள். பூஜை அறை, மாடிப்படி, அடுப்பு மேடை எல்லாவற்றையும் இப்போது எந்தச் செலவும் இல்லாமல் நகர்த்தலாம். கழிவுநீர் மேன்ஹோல் ஈசானிய மூலையில் இருந்தால் மட்டும் ஒன்றும் செய்வதற்கில்லை. அது பொதுப் பயனீட்டுக் கழகத்தின் குழாய், வாஸ்துவுக்குக் கட்டுப்படாது.

அடுத்தது வீட்டின் கன உருவத்துக்கான வரம்பு. நகர மறுசீரமைப்பு ஆணையம் தரைவீட்டுக்குள், அதாவது உங்களுடையதுபோல் தனி மனையில் நிற்கும் வீட்டுக்குள், என்ன அறை வருகிறது என்று அதிகம் கேட்பதில்லை. வீடு ஒரு கற்பனைப் பெட்டிக்குள் அடங்குகிறதா என்றுதான் பார்க்கிறது. இரண்டு மாடிப் பகுதியில் அந்தப் பெட்டியின் உயரம் 12 மீட்டர், மூன்று மாடிப் பகுதியில் 15.5 மீட்டர். முதலில் உங்கள் தெரு எந்த வகை என்று பாருங்கள். இரண்டு மாடித் தெருவில் அட்டிக் போடலாம், ஆனால் அதை மூன்றாவது மாடி என்று நினைத்துக்கொண்டு அறை எண்ணக்கூடாது. இன்னொன்று: 2023 ஜூன் 1 முதல் தரைப்பரப்பை வெளிச்சுவரின் நடுக்கோடு வரை அளக்கிறார்கள். அதற்கு முந்தைய திட்டங்களின் எண்ணோடு ஒப்பிட்டுக் குழம்பவேண்டாம்.

இனி நிறுவனத்தின் உண்மையான உழைப்புக்கு வருவோம். வெளியே தெரியாத, ஆனால் கட்டணத்தின் பெரும்பங்கு போகும் வேலை ஒருங்கிணைப்பு. ஆர்க்கிடெக்ட் வரைந்த சுவர், பொறியாளர் வரைந்த பீம், குழாய், மின்சாரம், குளிரூட்டி வரைபவரின் கோடு, மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்ப்பது. மேல்மாடிக் குளியலறை ஒன்றையும் அதற்குக் கீழே உள்ள கூடத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். தளத்துக்குத் தளம் 3.2 மீட்டர். கீழே டைல்ஸும் பூச்சும் 50 மில்லிமீட்டர், மேலே கன்கிரீட் பலகை 150. மீதி சரியாக 3 மீட்டர். பலகைக்குக் கீழே பீம் இன்னும் 350 தொங்குகிறது, ஆக 2,650. கழிவறைக் குழாய் அந்த பீமுக்கு அடியில் போனால் குழாய்க்கு 100, நான்கு மீட்டர் தூரத்துக்கு நாற்பதுக்கு ஒன்று சரிவு கொடுத்தால் இன்னொரு 100, சீலிங் சட்டத்துக்கு 50. கடைசியில் கீழ் அறையின் உயரம் 2.4 மீட்டர். அறைக்குச் சட்டப்படியான குறைந்தபட்ச உயரமும் அதுதான். மேல்மாடியில் கழிவறையை ஒரு மீட்டர் தள்ளி வைக்கலாமே என்று நீங்கள் ஆசைப்பட்டால் சரிவு கூடும், கீழே கூடம் விதிமீறலாகும்.

வழி இல்லாமல் இல்லை. பீமுக்குள் ஸ்லீவ், அதாவது குழாய் நுழைய ஒரு உறை, வைத்துக் குழாயைக் குறுக்கே விடலாம். ஆனால் கம்பி கட்டும் முன்பே அது பொறியாளர் வரைபடத்தில் இருக்கவேண்டும். கன்கிரீட் ஊற்றியபின் துளைத்தால் கம்பி அறுபடும். எந்தப் பொறியாளரும் அதற்குச் சும்மா கையெழுத்துப் போடமாட்டார். இடையில் மாற்றம் வேண்டாம் என்று ஆர்க்கிடெக்ட் முகம் சுளிப்பது திமிரால் அல்ல.

போர்க்கால ஆபத்தில் ஒதுங்குவதற்கான வீட்டுப் பாதுகாப்பு அறையும் இந்தக் கட்டத்தில் நிலைத்துவிடவேண்டும். 1997 சட்டத்தின்படி புதிதாகக் கட்டும் வீட்டில் அது கட்டாயம். நான்கு பக்கமும் தடித்த கன்கிரீட் சுவர், இரும்புக் கதவு. ஒருமுறை ஊற்றினால் நகராது, பின்னாளில் இடித்துப் பெரிதாக்கவும் முடியாது.

அனுமதிப் படலத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நகர மறுசீரமைப்பு ஆணையம் திட்ட அனுமதி, கட்டட, கட்டுமான ஆணையம் கட்டட வரைபடமும் கட்டமைப்பு வரைபடமும், மற்ற அமைப்புகள் வடிகால், மரம், சாலை என்று அவரவர் பங்கு. முன்பு ஒவ்வொன்றும் தனித்தனி வாசல். 2023 டிசம்பரில் தொடங்கிய கோர்நெட் எக்ஸ் என்ற இணையவழி விண்ணப்ப முறை ஏழு அமைப்புகளையும் மூன்று வாசலுக்குள் கொண்டுவந்தது: வடிவமைப்பு, கட்டுமானம், நிறைவு. தரைவீடு மாதிரி சிறிய வேலைகளுக்கு நேர்வழி ஒன்றும் உண்டு. வாசல் குறைந்தது நல்லதுதான், ஆனால் ஒரு பின்விளைவும் உண்டு. முன்பு பாதி வரைந்ததைக் கொடுத்துவிட்டு மீதியைப் பிறகு சரிசெய்ய இடமிருந்தது. இந்த வாசல் முறையில் முப்பரிமாண மாதிரியே போகிறது, எல்லாரும் ஒரே மாதிரியைப் பார்க்கிறார்கள், அரைகுறை அங்கேயே மாட்டிக்கொள்கிறது.

கட்டமைப்பு வரைபடத்தை அங்கீகாரம் பெற்ற சரிபார்ப்பாளர் ஒருவர் தனியாகக் கணக்குப் போட்டுப் பார்ப்பார். ஒரே வேலைக்கு இரண்டு பொறியாளருக்குச் சம்பளமா என்று பலர் கேட்கிறார்கள். சிராங்கூன் ரோடும் ஓவன் ரோடும் சேரும் முனையில் 1986 மார்ச் 15 அன்று ஹோட்டல் நியூ வேர்ல்டு இருந்த ஆறு மாடிக் கட்டடம் நொறுங்கி விழுந்து 33 பேர் இறந்தார்கள். விசாரணையில் தெரியவந்தது, கட்டடத்தின் சொந்த எடையையே வடிவமைப்புக் கணக்கில் சேர்க்கவில்லை என்பது. கணக்குப் போட்டவரையே சரிபார்க்கவும் விட்டால் இப்படி ஒரு பிழை கண்ணில் படாது. இரண்டாவது ஜோடிக் கண்ணைச் சட்டத்தில் எழுதி வைத்தது அதற்குப் பிறகுதான்.

டெண்டரில் குறைந்த விலையைப் பார்த்து மயங்கவேண்டாம். விலைப்பட்டியலில் ‘பிராவிஷனல் சம்’ (தோராயமாகப் போட்டு வைத்த தொகை) என்று எழுதியிருக்கும் வரிகளை எல்லாம் தனியாகக் கூட்டிப் பாருங்கள். அவை பின்னால் மாறப்போகும் எண்கள். டைல்ஸுக்குச் சதுர அடிக்கு மூன்று வெள்ளி என்று போட்டவர் மலிவானவர் இல்லை, மிச்சத்தைப் பிறகு உங்களிடம் கேட்கப்போகிறவர். கான்ட்ராக்டரின் உரிமம் எது என்றும் கேளுங்கள். இரண்டாம் வகைப் பொதுக் கட்டுமான உரிமம் 6 மில்லியன் வெள்ளிக்கு உட்பட்ட வேலைக்குப் போதும். தாமதமானால் நாளுக்கு எவ்வளவு என்பது ஒப்பந்தத்தில் முன்கூட்டியே இருக்கவேண்டும். சண்டை வந்தபிறகு அதைப் பேசித் தீர்மானிக்க முடியாது.

வீடு 1991-க்கு முன் கட்டியதாக இருந்தால் இடிக்கும் முன் ஆஸ்பெஸ்டாஸ் சோதனை கட்டாயம். இருபக்கத்து வீடுகளின் விரிசல்களையும் புகைப்படத்தோடு அறிக்கையாக எடுத்து வையுங்கள். பைலிங் முடிந்ததும் ‘உங்களால்தான் விரிசல்’ என்று வருபவருக்கு அதுதான் பதில். இடித்ததும் பக்கத்து வீட்டின் பொதுச்சுவர் மழைக்குத் திறந்து நிற்கும், அன்றைக்கே அதை மூடவேண்டும். சேற்றுத் தண்ணீரைக் கால்வாயில் விடுவதற்கும் வரம்பு உண்டு, லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் மண்துகள் கூடாது. குடியிருப்பை ஒட்டிய சைட்டில் சனி இரவு 10 மணியிலிருந்து திங்கள் காலை 7 மணி வரை வேலை கிடையாது. ஞாயிறும் வேலை செய்து ஈடுகட்டிவிடுவேன் என்று சொல்லும் கான்ட்ராக்டருக்கு இதை நினைவுபடுத்துங்கள்.

சைட்டில் ஆர்க்கிடெக்ட் தினமும் நிற்கமாட்டார். மேற்பார்வையாளர் நிற்பார். ஆர்க்கிடெக்ட் வந்தே ஆகவேண்டிய தருணங்கள் சில: எல்லைக்கோடு குறிக்கும் நாள், ஒவ்வொரு கன்கிரீட்டுக்கும் முந்தைய நாள், நீர்க்காப்புச் சோதனை. கன்கிரீட்டுக்கு 150 மில்லிமீட்டர் கனசதுரங்கள் எடுத்து 7 நாளிலும் 28 நாளிலும் நசுக்கிப் பார்ப்பார்கள். குளியலறையிலும் மொட்டை மாடியிலும் டைல்ஸ் ஒட்டும் முன் தண்ணீர் தேக்கி 24 மணி நேரமாவது விடவேண்டும். அவசரத்தில் முதலில் வெட்டப்படும் நாள் இதுதான். பிறகு கீழே கூடத்துச் சீலிங்கில் மஞ்சள் வட்டம் வந்தால் டைல்ஸ் முழுக்கப் பெயர்க்கவேண்டும்.

பணம் கொடுப்பதில் ஒரு பொறி உண்டு. கான்ட்ராக்டர் மாதாமாதம் பணக் கோரிக்கை அனுப்புவார். எவ்வளவு ஒப்புக்கொள்கிறீர்கள், எதை, ஏன் பிடிக்கிறீர்கள் என்று ஒப்பந்தத்தில் சொன்ன கெடுவுக்குள், அதிகபட்சம் 21 நாளில், எழுத்தில் பதில் போகவேண்டும். போகாவிட்டால் வழக்கைத் தீர்ப்பவர் முன்னால் உங்கள் நியாயமான காரணத்தைக்கூட எடுத்து வைக்கமுடியாது. வேலை சரியில்லை என்று வாட்ஸ்அப்பில் திட்டிவிட்டுச் சும்மா இருப்பதைப் பதில் என்று நம்பி இருக்காதீர்கள்.

கடைசியில் டிஓபி, தற்காலிகக் குடியேற்ற அனுமதி. ஆய்வுக்கு வருபவர் பளிங்கைப் பார்ப்பதில்லை. கைப்பிடிக் கம்பிகளுக்கு நடுவே 100 மில்லிமீட்டர் பந்து நுழைகிறதா, படி உயரம் 175-ஐத் தாண்டுகிறதா, அனுமதித்த வரைபடத்தில் இல்லாத கூரை ஏதாவது முளைத்திருக்கிறதா என்று பார்ப்பார். படியில் கல் ஒட்டும்போது முதல் படியும் கடைசிப் படியும் மட்டும் மற்றவற்றோடு ஒத்துப்போகாமல் போவது அடிக்கடி நடக்கும். கன்கிரீட் ஊற்றும்போதே மேலும் கீழும் வரப்போகும் பூச்சின் கனத்தைக் கழிக்க மறந்ததன் விளைவு அது. தை பிறந்ததும் பால் காய்ச்சவேண்டும் என்றால், மார்கழிக்கு முன்பே டிஓபி கைக்கு வருகிற மாதிரி பின்னோக்கிக் கணக்குப் போடச் சொல்லுங்கள். அழைப்பிதழை அதற்குப் பிறகு அடிக்கலாம்.

டிஓபி வந்தால் குடியேறலாம், ஆனால் கோப்பு மூடவில்லை. எல்லா அமைப்புகளின் இறுதி ஒப்புதலும் சேர்ந்த சிஎஸ்சி, அதாவது சட்டபூர்வ நிறைவுச் சான்றிதழ், பிறகுதான் வரும். பின்னாளில் வீட்டை விற்கும்போது வாங்குபவரின் வழக்கறிஞர் அதைத்தான் கேட்பார். குறைநீக்கக் காலம் பொதுவாக 12 மாதம். கான்ட்ராக்டருக்குத் தரவேண்டியதில் பிடித்து வைத்த தொகையில் பாதியை வேலை முடிந்ததும், மீதியை அந்தக் காலம் முடிந்து குறைகள் தீர்ந்ததும் கொடுப்பது வழக்கம். ஆண்டுக் கடைசிப் பருவமழை ஒன்று முழுசாகப் பெய்து முடிந்தபிறகு மொட்டை மாடியையும் பொதுச்சுவரையும் ஆர்க்கிடெக்டோடு ஒரு சுற்று பார்த்துவிட்டு அந்த மீதிப் பாதிக்குக் கையெழுத்துப் போடுங்கள்.