அடுத்த நூல் எந்த அடுக்கில்?

நூல்களைத் தேடிக் கண்டடைவது பற்றியும், படித்தவற்றைப் பிறரோடு கலந்து பேசுவது பற்றியும் இம்முறை கடிதங்கள் மிகுதியாக வந்துள்ளன. அவற்றுள் ஆறு கடிதங்களுக்கு இங்கே விடையளிக்கிறேன்.

கேள்வி: பொன்னியின் செல்வனை மூன்று முறை படித்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் ஆதித்த கரிகாலனை உண்மையில் கொன்றவர் யார் என்ற எண்ணத்தோடுதான் புத்தகத்தை மூடுகிறேன். பிறகு எடுத்த சரித்திர நாவல்கள் எவையும் அந்த நிறைவைத் தரவில்லை. அடுத்து எதைப் படிக்கலாம்?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் அடுத்த நூல் எது என்பதை உங்கள் கடிதத்தின் இரண்டாம் வாக்கியமே சொல்லிவிட்டது. அந்தக் கேள்வியை விட்டுவிடாமல், நாவல் என்னும் வகையிலிருந்து வரலாற்றுக்கும் கல்வெட்டுக்கும் நடந்து செல்லுங்கள்.

1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வெளிவந்த அந்தக் கதை வீரநாராயண ஏரிக்கரையில் ஓர் ஆடிப் பெருக்கு நாளில் தொடங்குகிறது. இன்று வீராணம் என்று நாம் அழைக்கும் அந்த ஏரியை ஒட்டிய காட்டுமன்னார்கோயிலில், உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில், முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த ஒரு கல்வெட்டு இருக்கிறது. பாண்டியன் தலை கொண்ட கரிகால சோழனை, அதாவது இராசராசனின் அண்ணன் ஆதித்த கரிகாலனை, கொன்ற துரோகிகள் என்று சோமனையும், ரவிதாசனையும், பரமேசுவரனையும் அது பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அவர்களுடைய உடைமைகளோடு மணவுறவால் வந்தவர்கள் வரையுள்ள உறவினர்களின் உடைமைகளையும் பறிமுதல் செய்யுமாறு ஊர்ச் சபைக்கு அரசன் விடுத்த ஆணையையும் எடுத்துரைக்கிறது. நாவலில் நள்ளிரவில் ஆந்தை போலக் குரல் கொடுக்கும் ரவிதாசனின் பெயரை அந்தக் கல்லில் பார்க்கும்போது ஏற்படும் சிலிர்ப்பை நான் அனுபவித்திருக்கிறேன். உங்கள் ஊரிலிருந்து பேருந்தில் போய், அன்று மாலையே திரும்பிவிடக்கூடிய தொலைவுதான்.

அந்தக் கல்வெட்டு கொலையை அறிவிப்பதற்காக வெட்டப்பட்டதன்று. பறிமுதலான நிலம் கைமாறிய செய்தியைப் பதிவு செய்யும் ஆவணம் அது. கொன்றதற்கான காரணத்தை அது சொல்லவில்லை. அந்த இடைவெளியில்தான் வரலாற்றாசிரியர்கள் வேறுபடுகிறார்கள். சோழர் வரலாற்றை 1930-களில் ஆங்கிலத்தில் விரிவாக எழுதிய கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி, அரியணையை விரும்பிய உத்தம சோழனுக்கு இதில் பங்கு இருந்திருக்கலாம் என்று ஐயுற்றார். பிற்காலச் சோழர் வரலாற்றைத் தமிழில் எழுதிய தி.வை. சதாசிவ பண்டாரத்தார் அந்த ஐயத்தை மறுத்தார். தன் சிறிய தந்தையான உத்தம சோழனுக்கு ஆட்சியில் விருப்பம் உள்ளவரை, பின்னாளில் முதலாம் இராசராசன் ஆன அருள்மொழிவர்மன் அதை மனத்தாலும் நாடவில்லை என்று கூறும் திருவாலங்காட்டுச் செப்பேடுகளை இந்த விவாதத்தோடு சேர்த்து வாசியுங்கள். ஒரே சான்றை இரண்டு அறிஞர்கள் எப்படி எடை போடுகிறார்கள் என்பதைப் பக்கம் பக்கமாகப் பின்தொடர்வது, நல்ல நாவலுக்குச் சற்றும் குறையாத ஈர்ப்பு உடையது. அதன்பின் நாவலை நான்காம் முறை படித்துப் பாருங்கள். கல்கி எங்கே சான்றைப் பற்றிக்கொண்டார், எங்கே கற்பனைக்கு வழிவிட்டார் என்பது உங்களுக்கே தெளிவாகத் தெரியும்.

கேள்வி: மாவட்ட மைய நூலகத்தில் உறுப்பினராகி ஓராண்டு ஆகிறது. நாவல் அலமாரியைத் தாண்டி நான் போனதே இல்லை. மற்றப் பிரிவுகளில் எங்கே தொடங்குவது என்று புரியவில்லை.
– கல்லூரி மாணவர், திருவண்ணாமலை

பதில்: சீர்காழியில் 1892-இல் பிறந்து, கணிதம் கற்பித்துக் கொண்டிருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்ற எஸ்.ஆர். ரங்கநாதன், நூலகத்துக்கு ஐந்து விதிகளை வகுத்து 1931-இல் வெளியிட்டார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்பது இரண்டாம் விதி. ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்பது மூன்றாம் விதி. நூல் தன் வாசகரைச் சென்றடைய வேண்டுமானால், வாசகர் தாமே அடுக்குகளுக்கிடையே நடந்து, தம் கையால் எடுத்துப் புரட்டிப் பார்க்கும் உரிமை அவருக்கு வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். இன்று உங்கள் நூலகத்தில் யாரையும் கேட்காமல் ஓர் அலமாரியின் முன் போய் நீங்கள் நிற்க முடிகிறது என்றால், அது அப்படி வாதாடிப் பெற்ற உரிமை. அதைப் பயன்படுத்துங்கள்.

மாணவப் பருவத்தில் ஒரு கணிதப் புத்தகத்தைத் தேடிப் போனபோது, யாரோ இடம் மாற்றி வைத்துவிட்ட பறவைகள் பற்றிய கட்டுரைத் தொகுப்பு ஒன்று என் கையில் அகப்பட்டது. திருப்பித் தரவேண்டிய தேதியை முத்திரையிடும் தாள் பின்னட்டையின் உட்புறத்தில் ஒட்டப்பட்டிருந்தது. அதிலிருந்த கடைசி முத்திரை பதினொரு ஆண்டுகளுக்கு முந்தையது. செம்போத்து பறப்பதைவிட நடப்பதையே விரும்பும் என்றும், வேலியோரப் புதருக்குள் அது பெரிய மனிதரைப் போல நிதானமாகக் கால் வைத்துப் போகும் என்றும் எழுதியிருந்த பக்கத்தை நின்றபடியே படித்தேன். எங்கள் வீட்டுக் கொல்லையில் நாள்தோறும் அந்தப் பறவையைப் பார்த்திருந்தும் அதன் நடையை நான் கவனித்ததில்லை. அன்று கணிதப் புத்தகம் கிடைக்கவில்லை. ஆனால் அதற்குப் பின் இருபது ஆண்டுகளாக இயற்கை நூல்களைப் படித்துவருகிறேன்.

ஆகவே ஒரு மாதத்துக்கு இப்படிச் செய்து பாருங்கள். ஒவ்வொரு முறை போகும்போதும் உங்களுக்குப் பழக்கமில்லாத ஒரே ஓர் அடுக்கின் முன் கால் மணி நேரம் நில்லுங்கள். மூன்று நூல்களை எடுத்து, முதல் பக்கத்தையும் நடுவில் ஏதேனும் ஒரு பக்கத்தையும் படியுங்கள். முதல் பக்கத்தை எல்லோரும் சிரமப்பட்டு எழுதியிருப்பார்கள். நடுப்பக்கத்தில்தான் ஆசிரியரின் இயல்பான நடை தெரியும். நாவலோடு அந்த மூன்றில் ஒன்றையும் சேர்த்து வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள்.

கேள்வி: மொழிபெயர்ப்பு நூல்களை வாங்கும்போது நல்லதை எப்படி அடையாளம் காண்பது?
– வங்கி ஊழியர், கோயம்புத்தூர்

பதில்: பதிப்பு விவரங்கள் உள்ள பக்கத்தைத் திறந்து, மொழிபெயர்ப்பாளர் பெயரும், எந்த மொழியிலிருந்து பெயர்க்கப்பட்டது என்ற குறிப்பும் தெளிவாக உள்ளனவா என்று பாருங்கள். அவற்றை மறைக்கும் பதிப்பில் எனக்கு நம்பிக்கை ஏற்படுவதில்லை. காண்டேகரின் மராத்தி நாவல்கள் ஒரு தலைமுறைத் தமிழர்களுக்குச் சொந்த நாவல்களைப் போல ஆனதற்குக் காரணம், கா.ஸ்ரீ.ஸ்ரீ. அவற்றை மராத்தியிலிருந்து நேரடியாகக் கொண்டுவந்ததுதான். ஆங்கிலம் வழியாக வருபவை எல்லாம் தாழ்ந்தவை என்று நான் சொல்லவில்லை. உரையாடல் உள்ள ஒரு பக்கத்தை மெதுவாக வாய்விட்டுப் படியுங்கள். தமிழ் பேசும் யாரும் அப்படிப் பேசமாட்டார்கள் என்று உங்கள் காதுக்குப் பட்டால், அந்தப் பிரதியை வைத்துவிட்டு வேறு பதிப்பைத் தேடுங்கள்.

கேள்வி: பத்தாம் வகுப்பு முடித்த என் மகன் துப்பறியும் நாவல்களைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை. நிறுத்தச் சொல்லலாமா?
– ஒரு தாய், விருதுநகர்

பதில்: வேண்டாம், அம்மா. இருநூறு பக்கங்களை ஒரே மூச்சில் படிக்கும் பழக்கம் இந்த வயதில் கிடைத்திருப்பதே பெரும் பேறு. தமிழில் துப்பறியும் கதைகளுக்கு நூறாண்டைத் தாண்டிய மரபு உண்டு. ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் எழுதிய அத்தகைய கதைகளைப் படிப்பதற்காகவே புத்தகத்தை நாடிய தலைமுறை ஒன்று இங்கே இருந்தது. ஜகன்மோகினி இதழை நடத்திய வை.மு. கோதைநாயகி நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதினார். அவற்றுள்ளும் துப்பறியும் கதைகள் உண்டு.

அவனுடைய விருப்பத்தின் வழியிலேயே அவனை இன்னும் சற்றுத் தொலைவு அழைத்துச் செல்லலாம். லட்சுமிகாந்தன் கொலை வழக்கைப் பற்றிய நூல்களை அவன் கண்ணில் படும்படி வையுங்கள். 1944 நவம்பரில் சென்னையில் ஒரு பத்திரிகைக்காரர் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். புகழின் உச்சியில் இருந்த எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் தண்டிக்கப்பட்டார்கள், வழக்கு அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, மீண்டும் சென்னைக்கே வந்து, 1947-இல் இருவரும் விடுதலையானார்கள். இதைப் படிக்கும் பையன், சாட்சியம் என்றால் என்ன, மேல்முறையீடு என்றால் என்ன என்று கேட்பான். அங்கிருந்து சட்டம், திரைப்பட வரலாறு, போர்க்காலச் சென்னை என மூன்று வழிகள் அவனுக்குத் திறக்கும். எந்த வழியில் போவது என்பதை அவனே தேர்ந்தெடுக்கட்டும்.

கேள்வி: எங்கள் கிராமத்தில் புத்தகக் கடை இல்லை. என்ன செய்யலாம்?
– விவசாயி, மேலூர் அருகே

பதில்: ஊர்ப்புற நூலகம் பக்கத்தில் எங்கே இருக்கிறது என்று முதலில் கேட்டறியுங்கள். 1948-ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டத்தின்படி, நாம் கட்டும் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்தே பெறப்படுகிறது. அங்கே போய்ப் புத்தகம் கேட்பதற்கு யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை. கைப்பேசியில் படிக்க இயலுமானால், 1998 முதல் இயங்கிவரும் மதுரைத் திட்டத்திலும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் பழைய நூல்கள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. ஈழத்து நூல்களுக்கும் இதழ்களுக்கும் 'நூலகம்' என்ற பெயரிலேயே ஒரு மின்தொகுப்பு இருக்கிறது.

கேள்வி: நாங்கள் எட்டுப் பேர் மாதம் ஒருமுறை கூடி ஒரு நூலைப் பற்றிப் பேசுகிறோம். ஒருவருக்குக் கவிதை, ஒருவருக்கு அறிவியல், மற்றவர்களுக்கு நாவல் என்று விருப்பங்கள் வேறுபடுவதால், நூலைத் தேர்வு செய்வதிலேயே மனத்தாங்கல் வருகிறது. பேச்சும் 'பிடித்தது', 'பிடிக்கவில்லை' என்பதோடு முடிந்துவிடுகிறது.
– ஆசிரியை, ராசிபுரம்

பதில்: நூலைத் தேர்வு செய்வதை விட்டுவிட்டு, ஒரு பொருளைத் தேர்வு செய்யுங்கள். தாது வருடப் பஞ்சத்தை எடுத்துக்கொள்வோம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய அந்தப் பஞ்சத்தைப் பற்றி, கவிதையில் நாட்டமுள்ளவர் பஞ்சக் கும்மிகளைத் தேடிக் கொண்டுவரலாம். அறிவியல் படிப்பவர், அந்த ஆண்டுகளில் பசிபிக் பெருங்கடலில் கடுமையாக உருவான எல் நினோ என்னும் கடல்நீர் வெப்பமேற்றத்துக்கும் இங்கே பொய்த்த மழைக்கும் உள்ள தொடர்பை விளக்கலாம். வரலாறு படிப்பவர், பஞ்ச நிவாரணப் பணியாகக் கூலிக்கு ஆள் வைத்து அடையாற்றுக்கும் கூவத்துக்கும் இடையே பக்கிங்காம் கால்வாய் வெட்டப்பட்ட செய்தியோடு வரலாம். நாவல் விரும்புவோருக்குப் பஞ்சத்தைக் களமாகக் கொண்ட புனைவுகள் இருக்கின்றன. உங்கள் பகுதியும் அடங்கிய அன்றைய சேலம் மாவட்டமும் அந்தப் பஞ்சத்தில் பெரிதும் துன்பப்பட்ட பகுதி என்பதால், உங்களுள் யாரேனும் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுவந்து சொல்லும் ஒரு வாய்மொழிச் செய்தியும் நூலுக்கு இணையாக அங்கே மதிக்கப்படட்டும். அப்போது எட்டு வகை வாசிப்புக்கும் ஒரே கூட்டத்தில் இடம் கிடைத்துவிடும்.

இரண்டாவது, தீர்ப்பைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரும் ஒரே ஒரு பத்தியைக் குறித்துவந்து, பக்க எண்ணைச் சொல்லி, உரக்கப் படிக்க வேண்டும்; அந்தப் பத்தியை ஏன் எடுத்தார் என்பதை அதன் பிறகே சொல்ல வேண்டும். கொங்குப் பகுதியில் நான் கலந்துகொண்ட ஒரு கூட்டத்தில், மாடுகளைப் பூட்டிக் கவலை ஏற்றத்தில் கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் காட்சியை ஒரு நாவலிலிருந்து ஒருவர் படித்தார். சால் மேலே வந்து தண்ணீர் கொட்டியதும் மாடுகள் திரும்பி நடந்தன என்று அதில் எழுதியிருந்தது. இரண்டு மணி நேரமாக ஒரு சொல்லும் பேசாமல் சுவரோரம் அமர்ந்திருந்த ஒரு முதியவர் கையை உயர்த்தி, "எங்க தோட்டத்துல மாடு திரும்பாதுங்க, சரிவுல பின்னாலயே நடந்து மேல வரும், அதுக்குப் பழக்கறதுதான் பெரும்பாடு" என்றார். எழுந்து நின்று, வடக்கயிற்றின் மேல் அமர்ந்து மாட்டை ஓட்டுபவர் தம் எடையை எப்படிக் கொடுப்பார் என்றும் செய்து காட்டினார். நாவலாசிரியர் தவறிவிட்டாரா, அல்லது மாட்டைத் திருப்பி ஓட்டும் வட்டாரத்தைச் சேர்ந்தவரா என்று அரைமணி நேரம் பேச்சு நடந்தது. அந்த நாவல் தமக்குப் பிடித்ததா என்று அதன்பின் யாரும் கேட்கவில்லை. ஆனால் அன்று அதைப் படிக்காமல் வந்திருந்த மூன்று பேர் அதன் பெயரைக் குறித்துக்கொண்டு போனார்கள்.

அடுத்த கூட்டத்துக்கு எட்டுப் பேரும் எட்டுப் பக்கங்களோடு வாருங்கள். வழக்கமாகப் பேசாதவரை எந்தப் பக்கம் பேசவைத்தது என்பதை மட்டும் மறவாமல் எனக்கு எழுதுங்கள்.