மெக்சிகோவின் ஃபெதர்வெயிட் குத்துச்சண்டை சாம்பியன் சால்வடோர் சான்செஸ்: கேள்வி பதில்

கே: அண்ணே, ஃபெதர்வெயிட் என்றால் எத்தனை கிலோ?

126 பவுண்டு. 57 கிலோவுக்குக் கொஞ்சம் மேல்.

கே: மூன்று வருஷம்கூட சாம்பியனாக இல்லாதவரை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறீர்கள்?

அந்த இரண்டரை வருஷத்தில் ஒன்பது முறை பட்டத்தைக் காப்பாற்றினார். 1980 பிப்ரவரியில், 21 வயதில், டேனி லோபஸை 13-ஆவது ரவுண்டில் வீழ்த்தி டபிள்யூ.பி.சி. (உலகக் குத்துச்சண்டை கவுன்சில்) பட்டம் வாங்கினார். அடுத்த வருஷம் லாஸ் வேகாஸில் வில்ஃப்ரெடோ கோமெஸ். கோமெஸ் அதுவரை தோற்றதே இல்லை. 32 வெற்றி, அத்தனையும் நாக் அவுட். அவரை முதல் ரவுண்டிலேயே கீழே விழ வைத்தார், எட்டாவதில் கதையை முடித்தார். ஆளை நிதானமாகப் படித்து, பின்வாங்கிக்கொண்டே எதிரடி கொடுப்பார். இரண்டு நிமிஷ யூடியூப் துண்டில் அது தெரியாது. முழுச் சண்டையைப் பாருங்கள்.

கே: பிலிப்பைன்ஸ் வீரர் பாக்கியாவோவோடு மோதியிருந்தால்?

வேறு காலம், வேறு விதிகள். இதற்குப் பதில் இல்லை.

கே: தோற்றதே இல்லையா?

ஒரு முறை. 1977-இல், 18 வயதில், மெக்சிகோ பான்டம்வெயிட் (ஃபெதர்வெயிட்டைவிடக் குறைந்த எடைப் பிரிவு) பட்டத்துக்காக அன்டோனியோ பெசெராவிடம். மொத்தம் 46 சண்டை, 44 வெற்றி, ஒரு டிரா.

கே: கடைசிச் சண்டையில் வென்றது பெரிய விஷயமா? அசுமா நெல்சன் அப்போது புதுமுகம்தானே?

13 சண்டைதான் ஆடியிருந்தார், சரி. ஆனால் 1984-இல் அதே நெல்சன்தான் கோமெஸை வீழ்த்தி இந்தப் பட்டத்தை எடுத்தார். புதுமுகம் என்று தள்ளிவிடாதீர்கள்.

கே: நெல்சனைக் கடைசி நேரத்தில்தானே கூப்பிட்டார்கள்? நன்றாகத் தயாராகியிருந்தால் ஜெயித்திருப்பார்.

மரியோ மிராண்டாவுக்குப் பதிலாக வந்தவர் என்பது உண்மை. அதை மட்டும் சொன்னால் பாதிதான். கானாவிலிருந்து வந்த அந்த ஆளை அமெரிக்காவில் பலருக்குத் தெரியாது. எதிராளி மாறினால் சான்செஸின் தயாரிப்பும்தானே வீணாகிறது! ரிங்குக்குள் நின்றுதான் அவர் நெல்சனைப் படிக்க வேண்டியிருந்தது. படித்தார், 15-ஆவது ரவுண்டில் முடித்தார்.

கே: இன்றைய 12 ரவுண்டு விதியில்?

நல்ல கேள்வி. லோபஸை 13-இலும், மறுபோட்டியில் 14-இலும், நெல்சனை 15-இலும் முடித்தவர் அவர். இன்று அந்த மூன்றும் நடுவர்களின் பாயின்ட் கணக்குக்குப் போயிருக்கும். 1982 நவம்பரில் கொரிய வீரர் கிம் துக்-கூ சண்டையில் பட்ட அடியால் இறந்த பிறகுதான் டபிள்யூ.பி.சி. 15 ரவுண்டை 12 ஆகக் குறைத்தது. உயிர்களைக் காக்கும் விதி, நான் அதன் பக்கம்தான். ஆனால் சான்செஸை அவருடைய காலத்து விதியில்தான் எடைபோட வேண்டும்.

கே: எப்படி இறந்தார்?

கார் விபத்து. 1982 ஆகஸ்ட் 12, மெக்சிகோவில், கெரெத்தாரோ நெடுஞ்சாலையில். நெல்சன் சண்டை முடிந்து மூன்று வாரம்தான். வயது 23.

கே: பாக்கியாவோ...?

மேலே சொல்லிவிட்டேன், தம்பி. அந்த நேரத்தில் நெல்சன் சண்டையை முதல் மணியிலிருந்து பாருங்கள்.