பனிக்குடநீர் பச்சையாக வந்தால் – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் வசிக்கிறேன். என் மருமகளுக்கு 41 வாரம் கடந்தும் வலி எடுக்காததால் சம்பந்தி அம்மாள் விளக்கெண்ணெய் கொடுத்தார். மறுநாள் பனிக்குடம் உடைந்து நீர் பச்சையாக வரவே, கிளினிக்கிலிருந்து ஆம்புலன்ஸில் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டார்கள். பேரன் பிறந்தவுடன் நன்றாக அழுதான். ஆனால் என் மகனுக்குச் செய்ததுபோல் தொண்டையில் குழாய் விட்டு யாரும் உறிஞ்சவில்லை. இது அலட்சியம் இல்லையா? மூன்று வாரம் ஆகிறது. இனி ஏதாவது வருமா? எண்ணெய்தான் காரணமா?

ஒரு பாட்டி

அன்புள்ள அம்மா,

நன்றாக அழுத குழந்தைக்கு உறிஞ்சாமல் விட்டது அலட்சியம் அன்று. உங்கள் மகன் பிறந்த காலத்தில், தலை வெளிவந்ததும் வாயையும் மூக்கையும் உறிஞ்சுவதும், பிறகு மூச்சுக்குழலுக்குள் குழாய் செலுத்துவதும் நல்ல மருத்துவமனைகளின் வழக்கமாகவே இருந்தன. துடிப்போடு பிறந்த குழந்தைக்குக் குழாய் விடுவதால் பயனில்லை என்று 2000-இல் வெளியான ஆய்வு காட்டியது. அர்ஜென்டினாவின் 11 மருத்துவமனைகளிலும் அமெரிக்காவின் ஒரு மருத்துவமனையிலும் 2,500-க்கு மேற்பட்ட குழந்தைகளைக் கொண்டு நடத்தி 2004-இல் வெளியிட்ட ஆய்வு, தலை வெளிவந்த நிலையில் உறிஞ்சுவதும் நுரையீரல் பாதிப்பைத் தடுக்கவில்லை என்று கண்டது. துவண்டு பிறக்கும் குழந்தைக்குக்கூட, வழக்கமாக உறிஞ்சுவதில் நேரம் கழிக்காமல் உடனே மூச்சுக் கொடுக்க வேண்டும் என்பதே 2015 முதல் வழிகாட்டுதல்களின் போக்கு.

பச்சை நிறத்துக்குக் காரணம், நம் பாட்டிமார் காட்டுப்பீ என்றும் மருத்துவர்கள் மெக்கோனியம் என்றும் சொல்லும் முதல் மலம். மாதம் நிறைந்த பேறுகளில் நூற்றுக்கு 10 முதல் 20 வரை இது நேர்கிறது. நாள் தள்ளத் தள்ளக் கூடுகிறது. குடல் முதிர்ந்துவிட்டது என்பதே பல நேரங்களில் காரணம். ஆக்சிஜன் குறைந்து குழந்தை தவிப்பதாலும் நேரலாம். அப்படித் தவிக்கும்போது அது ஆழ்ந்து மூச்சிழுத்தால் அந்த நீர் நுரையீரலுக்குள் போய், சிறு காற்றுக்குழல்களை அடைத்து, அழற்சியை உண்டாக்கும். கடுமையான பாதிப்பு பெரும்பாலும் பிறப்பதற்கு முன்பே தொடங்கிவிடுவதால்தான் பிறந்தபின் உறிஞ்சிப் பயனில்லாமல் போகிறது. ஆகவே கவனிக்க வேண்டியவை நீர் எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்பதும், குழந்தையின் இதயத் துடிப்பு எப்படி இருக்கிறது என்பதுமே. துடிப்பைத் தொடர்ந்து கண்காணிக்க வசதியுள்ள இடத்துக்கு அனுப்பிய கிளினிக் தாதி சரியானதையே செய்தார். நான் குறை தேடினால் அவரிடம் தேடமாட்டேன்.

பச்சை நீரில் பிறக்கும் குழந்தைகளிலும் நூற்றுக்கு ஏறத்தாழ 5 பேருக்கே நுரையீரல் நோய் வருகிறது. அது பிறந்த சில மணி நேரத்திலேயே மூச்சிரைப்பாகத் தெரிந்துவிடும். மூன்று வாரம் நன்றாகப் பால் குடித்து வளரும் பிள்ளைக்கு அது புதிதாக வராது. பேரனின் ரோட் டு ஹெல்த் என்ற குழந்தை நலப் பதிவுப் புத்தகத்தில், பிறந்தவுடன் குழந்தை இருந்த நிலையைக் காட்டும் ஆப்கார் மதிப்பெண் எழுதியிருக்கும். அடுத்த தடுப்பூசி நாளில் அதைத் தாதியிடம் காட்டிக் கேளுங்கள்.

இனி எண்ணெய். ஜூலு பெண்கள் பேறுகாலத்தில் அருந்தும் இசிஹ்லம்பெஸோ என்ற மூலிகை நீரையும் விளக்கெண்ணெயையும் குறித்துத் தென்னாப்பிரிக்க மருத்துவர்கள் 1987-இலேயே ஆராய்ந்திருக்கிறார்கள். மூலிகை நீர் அருந்தியவர்களிடம் மெக்கோனியம் கூடுதலாகக் காணப்பட்டது. விளக்கெண்ணெயைப் பொறுத்தவரை உறுதியாகத் தீர்ப்புச் சொல்ல முடியாது, ஏனென்றால் அதைக் குடிப்பவர்களே நாள் தள்ளிப்போனவர்கள். 41 வாரம் என்பதே போதுமான காரணம். சம்பந்தி அம்மாளைக் குற்றம் சொல்லாதீர்கள். ஆனால் வாந்தி, வயிற்றுப்போக்கு, நீரிழப்பு ஆகியவற்றுக்காகவே அதைத் தவிர்ப்பது நல்லது. அடுத்த பேற்றில் நாள் தள்ளினால் கிளினிக்குக்குச் செல்லுங்கள், ஏதேனும் கொடுத்திருந்தால் அதைத் தாதியிடம் மறைக்காதீர்கள்.