அப்பாவின் கல்ச்சர் ரிப்போர்ட்டில் வரிசையாக ‘ஆர்’: ஊசியை மாற்றியது சரியா?

தண்டையார்பேட்டை நண்பருக்கு,

அப்பாவின் நுரையீரலைச் சுற்றி எடுத்த நீரில் கிளெப்சியெல்லா என்ற கிருமி, பதினொரு மருந்துக்கு நேரே ‘ஆர்’, மூன்றாம் நாள் ஊசியை மாற்றிவிட்டார்கள் என்று பயந்து எழுதியிருக்கிறீர்கள். மாற்றியது சரிதான். கல்ச்சர், அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை, வர இரண்டு மூன்று நாளாகும். அதுவரை அனுமானத்தில்தான் மருந்து போடுவார்கள். ‘ஆர்’ என்றால் அந்த மருந்துக்குக் கிருமி மசியாது என்று பொருள். அப்பா உடம்பில் கோளாறு என்பதல்ல.

ஊசியைவிட, மார்பிலிருந்து சீழை வடிக்கப் போடும் குழாயைக் கவனியுங்கள். சீழ் வடியாமல் எந்த மருந்தும் முழுசாக வேலை செய்யாது. ராயபுரத்தில் என் மாமாவுக்குக் குழாய் போட்டிருந்தபோது, மூச்சுக்கு மூச்சு குழாயில் ஏறி இறங்கிய தண்ணீர் திடீரென அசையாமல் நின்றது. பார்த்தால், குழாய் மடங்கி அவர் முதுகுக்கடியில்! நர்ஸ் அக்கா நிமிர்த்தியதும் கெட்டியாக மஞ்சள் இறங்கியது. குழாய் போய்ச் சேரும் பாட்டிலை மட்டும் மார்புக்கு மேலே தூக்காதீர்கள்.

ரவுண்ட்ஸில் இரண்டு கேளுங்கள்: ஸ்கேனில் சீழ் தடுப்புத் தடுப்பாகத் தேங்கியிருக்கிறதா? காசநோய்க்கும் நீரை அனுப்பினார்களா? அப்புறம், கொலிஸ்டின் என்ற கிருமிக்கொல்லி மருந்து போட்டால் சிறுநீரகத்துக்காக கிரியாட்டினின் என்ற ரத்தச் சோதனை அடிக்கடி பார்ப்பார்கள், பதறாதீர்கள். ராத்திரி மூச்சு வாங்கினால் விடியட்டும் என்று இருக்காமல் உடனே டியூட்டி டாக்டரைக் கூப்பிடுங்கள்.