1903 முதல் பதிப்பு, ஜாக்கெட்டோடு: பணத்தைக் கட்டலாமா?

கேள்வி: ஜாக் லண்டனின் ‘தி கால் ஆஃப் தி வைல்ட்’ நாவல், 1903 முதல் பதிப்பு, டஸ்ட் ஜாக்கெட்டோடு (அட்டைக்கு மேல் போடும் காகித உறை) இருக்கிறது என்று ஒருவர் ஆன்லைனில் விற்கிறார். நிலை ‘குட்’ என்று போட்டிருக்கிறார். ஜாக்கெட் உள்ள பிரதிக்கு மற்றவர்கள் சொல்லும் விலையைப் பார்த்தால் இது ரொம்பக் குறைவு. முன்னட்டை, பின்னட்டை என இரண்டே படங்கள்தான் இருக்கின்றன. வேறு யாராவது வாங்குவதற்குள் முந்திக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம், இன்னும் நாலைந்து படங்களாவது வரட்டும். ஜாக்கெட் இல்லாத 1903 பிரதி பொறுமையாகத் தேடினால் கிடைக்கிற புத்தகம்தான், அதற்காக யாரோடும் போட்டி போட வேண்டியதில்லை. அரிதானது அந்தக் காகித ஜாக்கெட். அந்தக் காலத்தில் அதை வெறும் பொட்டலக் காகிதமாக நினைத்துக் கழற்றி எறிந்துவிடுவார்கள், அதனால் தப்பியவை மிகக் குறைவு. நீங்கள் கொடுக்கப்போகும் பணத்தில் பெரும்பங்கு அந்தத் தாளுக்குத்தான் போகிறது, ஏமாற்று நடப்பதும் அங்கேதான்.

முதலில் புத்தகத்தைச் சரிபாருங்கள். தலைப்புப் பக்கத்தையும் அதன் பின்பக்கத்தையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தலைப்புப் பக்கத்தில் பதிப்பகமான மேக்மில்லனின் பெயர் இருக்க வேண்டும், பின்பக்கத்தில் 1903 ஜூலையில் வெளியானது என்ற வரி இருக்க வேண்டும், அதையடுத்து மறு அச்சு என்று எந்த மாதமும் போட்டிருக்கக் கூடாது. பலர் சறுக்குவது இங்கேதான். கிராஸெட் அண்ட் டன்லப் என்ற நிறுவனம் பின்னாளில் மலிவு விலையில் போட்ட மறுபதிப்புகளிலும் பதிப்புரிமை ஆண்டு 1903 என்றே இருக்கும், அதை மட்டும் பார்த்துவிட்டு முதல் பதிப்பு என்று நல்லெண்ணத்தோடேயே விற்கிறவர்கள் நிறையப் பேர். அப்புறம் பைண்டிங்: பச்சைத் துணி, மேலிருந்து கீழாக ஓடும் வரிவரியான நெசவு, தாள்களின் மேல் விளிம்பில் பொன்முலாம். கதை 231ஆம் பக்கத்தில் முடியும். உள்ளே வண்ணப் படத் தாள்கள் உண்டு, முன்னால் இருக்கும் படப் பட்டியலோடு ஒப்பிட்டு எல்லாமே இருக்கின்றனவா என்று எண்ணிச் சொல்லச் சொல்லுங்கள், ஏனென்றால் அவற்றைப் பிரித்தெடுத்துச் சட்டம் போட்டு விற்கிறவர்களும் இருக்கிறார்கள்.

இனி ஜாக்கெட். இப்போது கணினியில் ஸ்கேன் செய்து அச்சடித்த நகல் ஜாக்கெட்டுகள் தாராளமாக விற்பனையில் இருக்கின்றன. நகல் என்று சொல்லி விற்றால் தப்பில்லை, ஆனால் இரண்டு கை மாறியதும் அந்தச் சொல் காணாமல் போய்விடும். நேரில் பார்க்க முடிந்தால் புற ஊதா விளக்கை அடித்துப் பாருங்கள்: காகிதத்தை வெண்மையாகக் காட்டும் ரசாயனங்கள் 1950 வாக்கில்தான் பரவலாகச் சேர்க்கப்பட்டன, ஆகவே நீலவெள்ளையாகப் பளீரென்று ஒளிர்ந்தால் அது 1903 தாள் இல்லை. (ஒளிராததாலேயே அசல் என்றும் சொல்லிவிட முடியாது.) நேரில் முடியாவிட்டால், ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டுப் புத்தகத்தின் முதுகைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நூறு வருஷத்துக்கு மேல் உறைக்குள் இருந்த துணி பளிச்சென்று இருக்க வேண்டும். அது வெயிலில் வெளுத்திருந்து ஜாக்கெட் மட்டும் புதுசாக இருந்தால், இரண்டும் ஒன்றாக வளர்ந்தவை அல்ல. ஜாக்கெட் பழசாகவே இருந்தாலும் பிந்தைய அச்சிலிருந்து எடுத்து மாட்டியிருக்கலாம். அதில் இருக்கும் விளம்பரங்களைப் படியுங்கள், 1906இல் வந்த ஜாக் லண்டனின் ‘ஒயிட் ஃபேங்’ நாவலின் பெயர் எங்காவது இருந்தால் அது 1903 ஜாக்கெட்டாக இருக்கவே முடியாது.

‘குட்’ என்பதை நம்பி நல்ல பிரதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், பழைய புத்தக வியாபாரத்தில் அது நன்றாக அடிபட்ட, ஆனால் பக்கங்கள் முழுதாக உள்ள பிரதி என்ற அளவுக்குத்தான். ‘ஜாக்கெட் அசல், நகல் இல்லை, விவரம் தவறென்றால் முழுப் பணமும் திரும்பத் தரப்படும்’ என்று எழுத்தில் கேளுங்கள். எழுதித் தரத் தயங்கினால் விட்டுவிடுங்கள். இவ்வளவு பெரிய தொகைக்கு அமெரிக்கப் பழம்புத்தக வணிகர் சங்கமான ஏபிஏஏ உறுப்பினரிடம் வாங்குவதையே நான் சொல்வேன். விலை கூடத்தான் இருக்கும், ஆனால் தாங்கள் எழுதும் விவரத்துக்கு அவர்கள் பொறுப்பேற்கிறார்கள்.

கேள்வி: அதே ஆசிரியரின் ‘ஒயிட் ஃபேங்’, 1906 மேக்மில்லன் பிரதி வாங்கினேன். தலைப்புத் தாள் மட்டும் தனியாக ஒட்டப்பட்டிருக்கிறது. வேறு பிரதியிலிருந்து கிழித்து ஒட்டிவிட்டார்களா? திருப்பி அனுப்பலாமா?

பதில்: அதை மட்டும் வைத்துத் திருப்பி அனுப்பாதீர்கள். அந்த முதல் பதிப்பின் பெரும்பாலான பிரதிகள் அப்படித்தான் வெளிவந்தன, பதிப்பகமே செய்த வேலை அது. தலைப்புத் தாள் மற்ற தாள்களோடு சேர்ந்தே தைக்கப்பட்ட பிரதிகள் மிகக் குறைவு, அவற்றுக்குத் தனி விலை. உங்களுடையதில் அந்தத் தாளின் நிறமும் தடிமனும் பக்கத்துத் தாள்களோடு ஒத்துப்போகின்றனவா, பசை புதுசாகத் தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள். ஆனால் தாள் ஒட்டப்பட்டிருக்கும்போதே ‘சேர்ந்தே தைத்தது’ என்று விளம்பரத்தில் போட்டு அதற்கான விலையை வாங்கியிருந்தால், தாராளமாகப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.