பழைய குடியேற்றப் பதிவேடுகளைத் தட்டச்சு செய்து தரும் தன்னார்வ வேலையில் தமிழ் ஆளுக்கு என்ன இருக்கிறது?

மாயவரத்தில் உட்கார்ந்துகொண்டு இதைச் சில வருஷமாகச் செய்கிறேன், அதனால் பதில் சொல்கிறேன். சம்பளம் கிடையாது. அமெரிக்காவின் மார்மன் கிறிஸ்தவ சபை நடத்தும் ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தளத்தில் இலவசக் கணக்கு தொடங்கினால் போதும். பழைய பக்கத்தின் படம் திரையில் வரும், பெயர், வயது, ஊர், கப்பல் என்று கட்டம் கட்டமாக அடிக்க வேண்டும், அதை இன்னொருவர் சரிபார்ப்பார். இப்போது பல பதிவுகளைக் கணினியே முதலில் படித்துவிடுகிறது, நமக்குப் பிழை பார்க்கிற வேலைதான்.

நான் கை பழகியது அமெரிக்கக் குடியுரிமை விண்ணப்பங்களில். நம் ஆட்களை அதில் தேடிப் பிரயோஜனமில்லை. 1923இல் பகத் சிங் திந்த் என்ற பஞ்சாபியரின் வழக்கில் இந்தியருக்குக் குடியுரிமை இல்லை என்று அங்கே உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது, அப்புறம் 1946இல்தான் சட்டம் மாறியது. ஆனாலும் 1906க்குப் பிந்தைய படிவங்கள் நாடு முழுக்க ஒரே அச்சு என்பதால் புதியவர்களுக்கு அதுதான் சுலபம்.

முக்கியமான விதி, எழுதியிருப்பதை அப்படியே அடிக்க வேண்டும், திருத்தக் கூடாது. எனக்கு இது லேசில் வரவில்லை. தப்பான எழுத்தைப் பார்த்தால் கை பரபரக்கும், நம் ஊர்ப் பெயர் என்றால் கேட்கவே வேண்டாம்.

அந்த விதி எதற்கு என்று போன வருஷம்தான் உறைத்தது. தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து ஒரு அம்மாள் மகளோடு வந்திருந்தார், டாக்சிக்காரர் "சார் பழைய ரெக்கார்டெல்லாம் பார்ப்பாரு" என்று என் வீட்டு வாசலில் கொண்டுவந்து விட்டுவிட்டார். அந்த அம்மாளுடைய கொள்ளுத்தாத்தா அங்கே நேட்டால் பகுதியின் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாகப் போனவர். 1860இல் ட்ரூரோ கப்பல் முதல் ஆட்களை இறக்கியதிலிருந்து 1911 வரை ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் போனார்கள், அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சென்னைத் துறைமுகம் வழியாக. அதனாலேயே அங்கே பல வீடுகளில் "நாங்கள் மெட்ராஸ்" என்பார்கள், அசல் ஊர் மறந்தே போயிருக்கும். இவர்கள் கையில் இருந்த, கப்பல் பட்டியலைப் பார்த்து யாரோ அடித்த அட்டவணையில் ஊர் 'குற்றாலம்'. தென்காசிப் பக்கம் போய் அருவி பார்த்து, நாலு தெரு விசாரித்து, இரண்டு நாள் வீணாகித் திரும்பியிருக்கிறார்கள்.

அசல் பக்கத்தின் படம் மகளின் போனிலேயே இருந்தது. ஜில்லா தஞ்சாவூர், தாலுகா மாயவரம், ஊர் 'கூடாலம்' என்று ஆங்கிலத்தில். தாலுகாவைப் பார்த்தால் சந்தேகமே இல்லை, நம் குத்தாலம், இங்கிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். யாரோ ஒரு நல்ல மனுஷர் அதைப் 'பிழை' என்று நினைத்துத் திருத்தி உதவியிருக்கிறார்! ஜில்லா கட்டத்தை அவர் பார்க்கவே இல்லை போலிருக்கிறது.

தேடுபவர்களுக்கு இன்னொரு சங்கடம் குடும்பப் பெயர். நமக்கு அது கிடையாது, கப்பல் பட்டியலில் இருப்பது பெயரும் தகப்பன் பெயரும்தான். தென்னாப்பிரிக்காவில் முதலி 'மூட்லி' ஆனது, கவுண்டர் 'கவெண்டர்' ஆனது, சில வீடுகளில் தாத்தாவின் சொந்தப் பெயரே பரம்பரைக்கும் ஒட்டிக்கொண்டது. ஆகவே இன்றைய குடும்பப் பெயரைப் போட்டுக் கிடைக்கவில்லை என்றால் விட்டுவிடாமல், தகப்பன் பெயர், வயது, கப்பல், ஜில்லா என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். அட்டவணையில் கிடைத்தாலும் அசல் படத்தைத் திறக்காமல் டிக்கெட் எடுக்காதீர்கள்.

அந்தப் பட்டியலில் உடம்பு அடையாளத்துக்கும் ஒரு கட்டம் உண்டு. அந்தக் கொள்ளுத்தாத்தாவுக்கு "இடது முழங்காலில் தழும்பு" என்றிருந்தது. குத்தாலம் போகிற வழியெல்லாம் அந்த அம்மாள் அதைப் பற்றியேதான் பேசிக்கொண்டு வந்தார், கதிர் அறுக்கும்போது அரிவாள் பட்டிருக்குமா, மரத்திலிருந்து விழுந்திருப்பாரா என்று.